கழுத்து நீண்ட பரங்கி

பட்டர்நட் பூசணி, குக்கூர்பிட்டா மாஸ்கேட்டா என்னும் இனத்தைச் சேர்ந்த படர்கொடியின் காய். அடிப்பக்கம் உருண்டும் மேற்பக்கம் தடித்த கழுத்தாக நீண்டும் இருக்கும். முற்றிய காயின் தோல் வெளிறிய சந்தன நிறம். வழவழப்பானது, பூசணி வகைகளில் மெல்லியது. உள்ளே சதை நல்ல ஆரஞ்சு நிறத்தில், நார் அதிகமில்லாமல் இறுகியிருக்கும். விதையும் அதைச் சுற்றிய குடலும் உருண்டையான அடிப்பகுதிக்குள் அடங்கிவிடும். கழுத்து முழுவதும் சதைதான். ஒரு காய் பெரும்பாலும் 1 முதல் 2 கிலோ வரை எடை வரும். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் ஒன்றை அறுத்தால் இரண்டு மூன்று வேளையில் தீர்ந்துவிடும். கீற்றுப் போட்டு விற்கும் பெரிய பூசணியோடு ஒப்பிட்டால் இதிலுள்ள முதல் வசதி இது.

பெயரும் உருவமும் புதியவை என்றாலும் இந்தக் காய் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. ஊருக்கு ஊர் பரங்கி, மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றும் கொங்குப் பகுதியில் அரசாணி என்றும் வழங்கும் காய்களில் பெரும்பகுதி இதே இனம்தான். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 ரகங்களும், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் ரகமும் இவ்வினத்தவை. அதே நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி மட்டும் வேறு. அது குக்கூர்பிட்டா மாக்சிமா. இரண்டையும் காம்பைப் பார்த்தே பிரித்துவிடலாம். மாக்சிமாவின் காம்பு உருண்டு, தக்கை போல் உப்பியிருக்கும். மாஸ்கேட்டாவின் காம்பு கெட்டியாக, ஐந்து விளிம்புகளோடு, காயைத் தொடும் இடத்தில் விரிந்து பதிந்திருக்கும். பட்டர்நட்டின் காம்பும் அப்படியே. ஆகவே பரங்கி வளர்க்கத் தெரிந்தவர் பட்டர்நட் வளர்க்கப் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். சமையலில்தான் சில வேறுபாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வினத்தின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதி. மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் இதைப் பயிரிட்டிருக்கிறார்கள். கொலம்பசுக்குப் பிந்தைய கடற்பயணங்கள் இதை மற்றக் கண்டங்களுக்குக் கொண்டு சேர்த்தன. பட்டர்நட் என்ற வடிவமோ மிக அண்மைக் காலத்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் வளைந்த நீள்கழுத்துடைய ஒரு பழைய மாஸ்கேட்டா ரகம் இருந்தது. அதன் கழுத்து வளைவால் பெட்டியில் அடுக்குவதும் தோல் சீவுவதும் தொல்லையாக இருந்தன. 1940களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டோவ் ஊரைச் சேர்ந்த சார்லஸ் லெகெட் இதற்கு மாற்றாகப் பட்டர்நட்டை உருவாக்கியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் வந்த பட்டர்நட் நிலையாக நிற்கவில்லை; சில கொடிகளில் பழைய வளைந்த கழுத்தே திரும்பிக் காய்த்தது. அதே மாநிலத்தின் வால்தம் ஊரிலிருந்த ஆய்வுப் பண்ணையில் பல தலைமுறைகள் தேர்வு செய்து அந்தக் குறையைக் களைந்தார்கள். அங்கே உருவான வால்தம் பட்டர்நட் 1970-ஆம் ஆண்டு அகில அமெரிக்கத் தேர்வு விருதைப் பெற்றது. இன்றுவரை வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் விதைப்பது இந்த ரகத்தைத்தான்.

இக்காய் அமெரிக்காவில் பிடித்துப்போனதற்குச் சுவை மட்டும் காரணமல்ல. அங்கே பூசணிக் கொடிகளின் தண்டைத் துளைத்து வாழும் ஒரு புழு, தோட்டங்களையே அழித்துவிடும். மாஸ்கேட்டாவின் தண்டு மற்ற இனங்களைவிட இறுகியது என்பதால் அந்தப் புழுவை ஓரளவு தாங்கி நிற்கும். அமெரிக்கர்கள் பூசணிப் பணியாரத்துக்கு டப்பாவில் வாங்கும் விழுதும் பெரும்பாலும் இந்த இனமே. இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் ஊரில் லிப்பி நிறுவனம் அடைக்கும் விழுது டிக்கின்சன் என்ற மாஸ்கேட்டா ரகத்திலிருந்து வருகிறது. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் ஆரஞ்சு நிற உருண்டைப் பூசணியைவிடப் பட்டர்நட்டுக்கு நெருங்கிய உறவு அது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டர்நட் அன்றாடக் காய்கறி. நியூயார்க் சமையற்கலைஞர் டான் பார்பர் கேட்டதன்பேரில் கார்னெல் பல்கலைக்கழகப் பயிர்ப்பெருக்க அறிஞர் மைக்கேல் மசூரெக் உருவாக்கிப் பரப்பிய ஹனிநட் என்ற கையடக்க வகையும் இப்போது உண்டு. அளவில் பாதிக்கும் குறைவு, இனிப்பு கூடுதல்.

விதைக்கும் காலம் பரங்கிக்கு உரியதே: ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு பட்டம், டிசம்பர், ஜனவரியில் இன்னொரு பட்டம். இதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பூசணிக் குடும்பக் கொடிகளில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். கடும் வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூக்களைக் கூட்டும். மிதமான வெப்பமும் குறுகிய பகலும் பெண் பூக்களைக் கூட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பூக்கும்படி விதைத்தால் தோட்டம் நிறையப் பூவிருக்கும், காயிருக்காது.

தரையில் வளர்ப்பதானால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடி கொண்ட குழி எடுத்து, குழிக்கு 10 கிலோ தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்ப வேண்டும். குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி தேவை. கொடி மூன்று நான்கு மீட்டர் ஓடும் என்பதால் இதில் சிக்கனம் பார்த்தால் பிறகு காற்றோட்டமில்லாமல் நோய் வந்து சேரும். இரவு ஊறவைத்த விதைகளை ஓரங்குல ஆழத்தில், குழிக்கு நான்கைந்தாக ஊன்றி, பதினைந்து நாள் கழித்து நன்கு வளர்ந்த இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேர் அசையும். மாடியில் வளர்ப்போர் குறைந்தது ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள குரோ பேக்கை எடுத்து, ஒன்றுக்கு ஒரு கொடி மட்டும் வைப்பது நல்லது. மண்ணில் மூன்றிலொரு பங்கு மக்கிய உரமும், ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பந்தலில் ஏற்றினால் ஒவ்வொரு காய்க்கும் பழைய துணியால் தூளி கட்டித் தாங்க வேண்டும். தரைக்கொடி நான்கைந்து நல்ல காய்களைத் தாங்கும். பையில் வளர்வதற்கு இரண்டு மூன்றே அதிகம்.

கொடி தழைக்கவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுவது வீட்டுத் தோட்டத்தில் பரவலாக நடக்கும் தவறு. தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாகக் குடை விரிக்கும். காய்ப்பு பின்னுக்குப் போகும். பூக்கத் தொடங்கியதும் சாம்பல்சத்து கிடைக்கும் உரமே கொடிக்கு வேண்டும். தண்ணீரை இலையில் படாமல் வேரருகே விட வேண்டும். மண் காய்ந்து வெடிப்பதும் வேண்டாம், சேறாக நிற்பதும் வேண்டாம். காய் முற்றும் கட்டத்தில் நீரைக் குறைத்தால் சதை இறுகி இனிப்பு ஏறும்.

முதலில் வருபவை ஆண் பூக்கள். ஒரு வாரம், பத்து நாள் வரை பெண் பூவே தென்படாமலும் இருக்கலாம். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பெண் பூவின் அடியில் பட்டர்நட்டின் குட்டி உருவம் அப்படியே தெரியும். ஆண் பூ வெறும் நீண்ட காம்பில் நிற்கும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை மேல் வைக்கும் பூசணிப்பூவுக்கு ஆண் பூவைப் பறித்தால் விளைச்சலுக்கு நட்டமே இல்லை. நாலைந்து பூவைக் கொடியிலேயே விட்டால் போதும், மகரந்தத்துக்குப் பஞ்சம் வராது.

பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்தாக வேண்டும். கொசுத்தேனீ, அடுக்குத்தேனீ, மலைத்தேனீ எதுவானாலும் சரி. மகரந்தம் ஒட்டுந்தன்மையுள்ளது, கனமானது. காற்று அதைக் கொண்டு செல்லாது. நகரத்து மாடிகளில் பிஞ்சு மஞ்சளித்து மூன்று நான்கு நாளில் உதிர்வதற்குப் பெரும்பாலும் தேனீ வராததுதான் காரணம். ஆனால் பழியெல்லாம் உரத்தின் மேலும் நோயின் மேலும் விழுகிறது. தீர்வு கைவேலை. காலை எட்டு மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடி மேல் எல்லாப் பக்கமும் படும்படி தடவிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் விதை ஒரு பக்கம் மட்டும் பிடித்து, காய் கோணலாக வளரும்.

பூச்சிகளில் முதலில் வருவது சிவப்புப் பூசணி வண்டு. இரண்டு மூன்று இலை விட்ட நாற்றைச் சல்லடையாக்கிவிடும். அதன் புழு மண்ணுக்குள்ளிருந்து வேரைத் தின்னும். அதிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும் நேரத்தில் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதும், நாற்றின் மேல் மெல்லிய விறகுச் சாம்பல் தூவுவதும் சிறிய தோட்டத்துக்குப் போதுமானவை. அதைவிடக் கொடியது பழ ஈ. இளங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். உள்ளே புழு குடைந்து காய் அழுகும். பிஞ்சு விரலளவு வளர்ந்ததும் காகிதப்பையோ துணிப்பையோ கட்டி மூடுவதே நிச்சயமான காப்பு. தாக்கிய காயைக் குப்பைக்குழியில் எறிந்தால் அங்கிருந்தே அடுத்த தலைமுறை ஈ கிளம்பும். ஆழப் புதைக்க வேண்டும், அல்லது பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும். ஆண் ஈக்களைக் கவரும் கியூ லூர் பொறிகள் வேளாண் கடைகளில் கிடைக்கும்.

இலை மேல் வெள்ளைப் பொடி படிந்தால் அது சாம்பல் நோய். கொடியின் முதிர்ந்த இலைகளில் இது தொடங்கும்; அவற்றை அகற்றிக் காற்றோட்டம் தந்தால் பெரும்பாலும் அடங்கும். மற்றப் பயிர்களுக்குத் தூவும் கந்தகத்தூளையும் தாமிரத்தூளையும் பூசணிக் கொடிக்குத் தூவக் கூடாது, இலை கருகிவிடும். இலை சுருங்கி மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது தேமல் நோய். வைரசால் வருவது, அசுவினி, வெள்ளை ஈ போன்ற பூச்சிகள் பரப்புவது. அதற்கு மருந்தில்லை. அந்தக் கொடியை வேரோடு எடுத்துவிடுவதே மற்றக் கொடிகளுக்குப் பாதுகாப்பு.

விதைத்ததிலிருந்து அறுவடைக்கு 100 முதல் 110 நாள் ஆகும். இளங்காயில் வெளிர்பச்சைக் கோடுகள் ஓடும். அவை மறைந்து தோல் முழுவதும் சந்தன நிறமாகி, மினுமினுப்பு மங்கி, காம்பு காயத் தொடங்கினால் காய் முற்றிவிட்டது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. இரண்டங்குலக் காம்போடு கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். காம்பு பிடுங்கிய காய் அந்த இடத்திலிருந்தே அழுகும். அறுத்த காயை உடனே சமைப்பதைவிட, மழை படாத நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் பத்துப் பதினைந்து நாள் வைப்பது நல்லது. தோல் இறுகிக் கீறல்கள் ஆறும். சதையிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். பறித்த அன்று சப்பென்றிருந்த காய் சில வாரத்தில் தித்திப்பது இதனால்தான். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதம் கெடாமல் இருக்கும். தமிழ்நாட்டு வீட்டு வெப்பத்தில் அவ்வளவு நாள் எதிர்பார்க்கக் கூடாது. அதற்காக முழுக்காயைக் குளிர்பெட்டியில் வைப்பதும் சரியல்ல. 10 டிகிரிக்குக் கீழே போனால் சதை பாதிக்கப்பட்டு விரைவில் கெடும்.

விதை எடுத்து வைக்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே இனம் என்பதால் பக்கத்துத் தோட்டத்துப் பரங்கியும் பட்டர்நட்டும் தேனீ வழியாகக் கலந்துவிடும். அந்த ஆண்டுக் காயில் மாற்றம் தெரியாது. அதன் விதையை விதைத்தால் வரும் காய் எந்த உருவத்தில் இருக்குமென்று சொல்ல முடியாது. தூய விதை வேண்டுமானால் பெண் பூ விரிவதற்கு முதல்நாள் மாலையே அதை நூலால் கட்டி மூடி, மறுநாள் காலை அதே ரகத்தின் ஆண் பூவால் தடவி, மீண்டும் கட்டிவிட வேண்டும். வீரிய ஒட்டுரக விதையானால் இத்தனை செய்தும் பயனில்லை.

கடையில் வாங்கும்போது கழுத்து நீண்டு தடித்த காயைத் தேட வேண்டும். சதை அதிகம் இருக்கும். கையில் எடுத்தால் உருவத்துக்கு மிஞ்சிய கனம் தெரிய வேண்டும். தோல் பளபளத்தால் முற்றவில்லை என்று பொருள். 100 கிராம் பச்சைச் சதையில் 45 கிலோகலோரி ஆற்றலும், சுமார் 12 கிராம் மாவுப்பொருளும், 2 கிராம் நாரும், 350 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியமும் இருக்கின்றன. ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்தால்தான் அது நன்றாக உடலில் சேரும். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கீரை, வெண்டைக் கணக்கில் சேர்க்காமல் கிழங்குக் கணக்கில் அளந்து உண்பது நல்லது. பூசணிக் குடும்பக் காய் எதுவும் கசந்தால், சமைத்ததாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். அந்தக் கசப்பைத் தரும் குக்கூர்பிட்டாசின் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

அறுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இரு முனைகளையும் சீவி, கழுத்தையும் உருண்டையையும் குறுக்கே வெட்டிப் பிரிக்க வேண்டும். பிறகு தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தினால் கத்தி வழுக்காது. தோல் சீவியை ஒருமுறை ஓட்டினால் தோலுக்கடியில் வெளிறிய பச்சைக் கோடுகள் தெரியும். அந்த அடுக்கு நாராக இருக்குமாதலால் அது போகும்வரை இன்னொரு முறை சீவ வேண்டும். பச்சைக் காயிலிருந்து கசியும் பால் சிலர் கையில் ஒட்டி, தோலை இழுத்துப் பிடித்து உரியச் செய்யும். கையில் முன்பே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

நாட்டுப் பரங்கியைவிடப் பட்டர்நட்டில் நீர் குறைவு, சதை நெருக்கம். வேகும்போது தானாகத் தண்ணீர் விடும் என்று நம்பி அடுப்பில் ஏற்றினால் அடிப்பிடிக்கும். கூட்டுக்கு அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக விட வேண்டும். ஆனால் துண்டு உடையாமல் நிற்கும் என்பது இதன் சிறப்பு. கழுத்தை வறுவலுக்கும் துண்டு தெரிய வேண்டிய கறிக்கும் வைத்துக்கொண்டு, உருண்டைப் பகுதியை மசியலுக்கும் சூப்புக்கும் எடுப்பது இரண்டுக்கும் பொருத்தம்.

மேல்நாட்டு முறையில் இதை அடுப்புப்பெட்டியில் சுடுவார்கள். நெடுக்காகப் பிளந்து விதை நீக்கி, எண்ணெயும் உப்பும் தடவி, வெட்டுப்பக்கம் கீழே இருக்க 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தால் கரண்டியால் வழித்தெடுக்கலாம். தோலும் உண்ணும் பதத்துக்கு வந்திருக்கும். அடுப்புப்பெட்டி இல்லாத வீட்டில் இரும்புத் தோசைக்கல் போதும். கழுத்தை அரை விரல்கடை கனத்தில் வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு பிசறி, எண்ணெய் விட்டுப் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் மூடிவைத்து, பிறகு திறந்து சிவக்கவிட்டால் வாழைக்காய் வறுவலுக்கு ஈடாக நிற்கும். சூப்புக்கு வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, காயும் நீரும் சேர்த்து வேகவைத்து அரைத்தால் மாவு கரைத்து ஊற்றாமலேயே தானாகக் கெட்டியாகும். தென்னாப்பிரிக்காவில் இதில் சிறிது கறிப்பொடி சேர்ப்பதும் உண்டு. உலகெங்கும் பட்டர்நட் என்றதும் சூப்பே நினைவுக்கு வருகிறது. உண்மையில் இந்தக் காயின் இறுக்கத்தை வீணாக்கும் சமையல் அதுதான்.

தமிழ்ச் சமையலில் இதற்கு நன்றாகப் பொருந்துவது பால் கூட்டு. அரைக் கிலோ காயைச் சிறு துண்டுகளாக்கி, சிட்டிகை உப்போடு ஒரு டம்ளர் நீரில் வேகவைக்க வேண்டும். வெந்ததும் ஒரு மேசைக்கரண்டி வெல்லம் போட்டுக் கரையவிட்டு, ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, கொதித்தவுடன் இறக்கிவிட வேண்டும். சூடு சற்றுத் தணிந்த பிறகே ஒரு டம்ளர் காய்ச்சிய பாலைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் வெல்லத்தில் பால் விட்டால் திரிந்துவிடும். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. பரங்கிக்குப் போடும் வெல்லத்தில் பாதிதான் இதற்கு வேண்டும். காராமணியும் தேங்காய், சீரக விழுதும் சேர்த்து, வறுத்த தேங்காய்த் துருவலை மேலே தூவும் கேரளத்து எரிசேரிக்கும் இது பொருந்தும். அரிசியையும் தேங்காயையும் கருக வறுத்து அரைத்துச் சேர்க்கும் இலங்கைப் பூசணிக்கறிக்கும் பொருந்தும். புளிக்குழம்பில் போடுவதானால் காயைத் தனியே முக்கால்பதம் வேகவிட்டே புளி ஊற்ற வேண்டும். புளிப்பு, காயின் திசுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாது. முதலிலேயே ஊற்றினால் எவ்வளவு கொதித்தாலும் துண்டு கடுக்கென்றே இருக்கும். அப்படிச் செய்தாலும் புளியின் கூர்மைக்கு நாட்டுப் பரங்கிதான் இன்னும் எடுப்பாக இருக்கும்.

வெட்டிய காயை விதை நீக்கி மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். வேகவைத்து மசித்த விழுதை உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைக்கலாம். சப்பாத்தி மாவிலும், இட்லி மாவிலும், குழந்தைகளுக்கான கஞ்சியிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். விதைகளை அலசி, ஒருநாள் வெயிலில் காயவைத்து, உப்பு நீர் தெளித்து, அடிகனமான வாணலியில் சிறுதீயில் பொரியும்வரை வறுத்தால் மேலோடோடு மென்று தின்னலாம்.